பக்கத்து இலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நோன்புக் கஞ்சியைப் பற்றி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சந்தேகம். யார் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எங்கே எழுதியிருக்கிறது என்று. சரி, இந்த முறை முழுக்க அதுவாகவே இருக்கட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இல்லை, பாஸ்டரும் இல்லை. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்பா மெஸ் நடத்தினார், பதினெட்டு வருஷம் அங்கே இலை போட்டவன். யார் இலையில் எதை வைக்கக் கூடாது என்பதை முதலில் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன், புத்தகத்தை எடுத்துப் பார்த்ததெல்லாம் அப்புறம்தான்.

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகி): மகளுக்குப் பதினாலாவது பிறந்தநாள். மூன்று தோழிகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். ஒருத்தி முஸ்லிம், ஒருத்தி ஆர்.சி. கிறிஸ்தவப் பெண், இன்னொருத்தி "நாங்க செவன்த் டே" என்கிறாளாம். பிறந்தநாள் வருவது வெள்ளிக்கிழமை, அதுவும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில். சிக்கன் பிரியாணி செய்யலாம் என்றிருந்தேன், இப்போது கை ஓடவில்லை.

பதில்: மீன் வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மூன்று பேருக்கும் ஒரே சட்டியில் முடிகிற ஒரே அயிட்டம் அதுதான். ஆர்.சி. பெண்ணுக்குத் தவக்கால வெள்ளி என்றால் சுத்தபோசனம், அதாவது கறி கூடாது. கோழியும் கறிதான். (அது ஏதோ காய்கறி மாதிரி நினைத்து நான் பதினாறு வயதில் ஒரு பெரிய வெள்ளி அன்று வாடிக்கைக்காரர் வீட்டுக்குச் சிக்கன் குழம்பு கொண்டுபோய் நீட்டி, அந்தப் பாட்டியிடம் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) மீன், முட்டை, பால் எல்லாம் உண்டு. 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டாயம், ஆனால் இந்தப் பெண்ணும் அந்த வயதை ஒட்டித்தானே இருப்பாள். முஸ்லிம் பெண்ணுக்கு மீனை யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்ற கேள்வியே கிடையாது, மீனுக்கு அறுப்பு வேண்டாம். ஏழாம் நாள் சபைக்காரர்கள் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தை இன்றும் கடைப்பிடிப்பவர்கள். தண்ணீரில் வாழ்வதில் செதிலும் துடுப்பும் இரண்டும் இருந்தால்தான் சாப்பிடுவார்கள். ஆகவே கெளுத்தி வேண்டாம், இறால் வேண்டாம், நண்டு வேண்டாம். மேட்டூர் டேம் கட்லாவோ ரோகுவோ வாங்கினால் செதில் இருக்கும், தொல்லை இல்லை. அந்தச் சபையில் நிறையப் பேர் சுத்த சைவம், அதனால் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஒன்றே ஒன்று, நேரம். இப்போதெல்லாம் தவக்காலமும் ரம்ஜானும் சேர்ந்தே வருகின்றன. 2025-ல் நம் ஊரில் நோன்பு ஆரம்பித்தது மார்ச் 2, தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் அந்த வருஷம் மார்ச் 5. அப்படி அமைந்தால் முஸ்லிம் பெண் சூரியன் சாய்ந்த பிறகுதான் வாயில் எதையும் வைப்பாள், செவன்த் டே பெண்ணுக்கோ வெள்ளி சூரியன் சாய்ந்தவுடன் சனிக்கிழமை ஓய்வுநாள் தொடங்கிவிடும், கேக் வெட்டிக் கூத்தடிக்க வீட்டில் விடுவார்களா தெரியாது. பேசாமல் ஞாயிறு சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தின் 40 நாள் கணக்கில் ஞாயிறு சேராது, ஓய்வுநாளும் முந்தின நாளே முடிந்திருக்கும். நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பந்தி. அப்போது உங்கள் சிக்கன் பிரியாணிக்கே திரும்பிவிடலாம், கோழியைப் பாய் கடையில் வாங்கினால் போதும்.

கேள்வி (கிச்சிப்பாளையம் வாசகர்): ரத்தப் பொரியல் ஹராம் என்று ஒதுக்குகிற என் நண்பன் ஆட்டுச் சுவரொட்டியை மட்டும் வெளுத்துக் கட்டுகிறான். அது முழுக்க ரத்தம்தானே? கேட்டால் சிரிக்கிறான்.

பதில்: சிரிக்கட்டும், நியாயம் அவர் பக்கம்தான். குர்ஆன் நான்கைத் தடுக்கிறது: தானாகச் செத்தது, ரத்தம், பன்றி மாமிசம், அல்லாஹ் அல்லாத வேறு பெயர் சொல்லி அறுத்தது. 6-வது அத்தியாயம் 145-வது வசனத்தில் ரத்தத்துக்கு ஒரு அடைமொழி இருக்கிறது, வழிந்தோடுகிற ரத்தம் என்று. கழுத்தில் கத்தி வைக்கும்போது பீய்ச்சி அடிக்கிறதே, அது. கறிக்குள்ளும் நரம்புக்குள்ளும் தங்கிவிட்டது இந்தக் கணக்கில் வராது. அது போக, செத்தவற்றில் இரண்டும் ரத்தத்தில் இரண்டும் ஆகுமாக்கப்பட்டுள்ளன என்று ஒரு நபிமொழி உண்டு. செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும், ரத்தத்தில் ஈரலும் மண்ணீரலும். நாம் சுவரொட்டி என்பது அந்த மண்ணீரலைத்தான், சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று வந்த பெயர் என்பார்கள். ஆக உங்கள் நண்பர் ஓட்டையில் புகுந்து வரவில்லை, அவருக்கென்று பெயர் சொல்லியே வாசல் திறந்து வைத்திருக்கிறது.

எங்கள் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு ரத்தப் பொரியல் உண்டு. அன்றைக்கு அதை வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைப்பவர்கள் இரண்டு பேர், ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ் பாய், இன்னொருவர் பெந்தெகொஸ்தே சபை ஊழியர். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஊழியருக்குக் காரணம் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 15. யூதர் அல்லாதவர்கள் சபைக்குள் வந்தபோது அவர்கள் மேல் என்னென்ன சட்டத்தைச் சுமத்துவது என்று எருசலேமில் கூடிப் பேசி, விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம், இவற்றை மட்டும் விலக்குங்கள் போதும் என்று கடிதம் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதம் இன்றும் செல்லும் என்பவர்கள் ரத்தப் பொரியலைத் தொடுவதில்லை. அது அந்தக் காலத்து ஏற்பாடு என்பவர்கள் இரண்டாம் கரண்டி கேட்பார்கள். இரண்டு வகையும் எங்களிடம் வந்தார்கள்.

கேள்வி (நாலு ரோடு வாசகர்): பைபிளிலும் பன்றி அசுத்தம் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஏற்காட்டில் நண்பர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் பன்றிக்கறிதான் பிரதானம். அப்படியென்றால் அவர்கள் வேதத்தை மீறுகிறார்களா?

பதில்: இருக்கிறது, அதே லேவியராகமம் 11-ல். குளம்பு பிளந்திருந்தாலும் அசைபோடாது, ஆகவே கூடாது. அங்கேயே ஒட்டகமும் கூடாது, முயலும் கூடாது. முஸ்லிம்களுக்கு ஒட்டகமும் ஆகும், முயலும் ஆகும், அது வேறு கதை. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்று இயேசு சொன்னதாக மாற்கு 7-ல் வருகிறது. இயேசுவின் சீடர் பேதுருவுக்கு மத்தியானப் பசி நேரத்தில் ஒரு தரிசனம், வானத்திலிருந்து பெரிய துப்பட்டி இறங்குகிறது, உள்ளே சகல ஜீவராசிகளும். அடித்துச் சாப்பிடு என்று குரல். தீட்டானதை நான் ஒருநாளும் தின்றதில்லை என்கிறார் அவர். மூன்று தடவை இப்படி நடக்கிறது. அந்தத் தரிசனத்தின் உள்ளர்த்தம் மனிதர்களைத் தீட்டு என்று ஒதுக்காதே என்பதுதான் என்று பேதுருவே பிற்பாடு விளக்குகிறார், இருந்தாலும் பெரும்பாலான சபைகள் உணவுக்கும் சேர்த்தே அதை எடுத்துக்கொண்டன. செவன்த் டேக்காரர்கள் மனிதர்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் நண்பர் எதையும் மீறவில்லை. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடுங்கள், அதற்கு எதற்கு லேவியராகமம்?

கேள்வி (சூரமங்கலம் வாசகி): நாங்கள் கிறிஸ்தவர்கள். ஹலால் கறி வேறு தெய்வத்துக்குப் படைத்தது, வாங்காதீர்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். முப்பது வருஷமாகப் பாய் கடையில்தான் வாங்குகிறோம்.

பதில்: அறுக்கும்போது அவர் சொல்வது "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்". இறைவன் பெயரால், இறைவன் மிகப் பெரியவன். எதிரே சிலை இல்லை, படையல் இல்லை, யாருக்கும் பலி கொடுக்கவில்லை. உயிரை எடுக்க உயிர் கொடுத்தவனிடம் அனுமதி கேட்கிற மாதிரி. அரபு பேசுகிற கிறிஸ்தவர்களின் பைபிளிலும் கடவுளுக்கு அல்லாஹ் என்ற சொல்தான் இருக்கிறது.

இந்தக் கடைக் கறிச் சந்தேகம் உங்களுக்கு வந்தது முதல் தடவை இல்லை. கொரிந்து பட்டணத்தில் கோயில் பலியில் மிஞ்சிய கறி சந்தைக்கு வரும். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அங்கிருந்த கிறிஸ்தவர்கள் தவித்தார்கள். கடையில் விற்பதை மனச்சாட்சியின் பேரில் விசாரணை செய்துகொண்டிராமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுதினார், பைபிளில் ஒன்று கொரிந்தியர் 10. அறுநூறு வருஷம் கழித்து நபியிடம் சிலர் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு வந்தார்கள். புதிதாக மார்க்கத்துக்கு வந்தவர்கள் எங்களுக்குக் கறி கொண்டுவருகிறார்கள், பெயர் சொல்லி அறுத்தார்களா இல்லையா தெரியவில்லை, என்ன செய்வது என்று. நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார். நபியின் மனைவி ஆயிஷா அறிவித்ததாக புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கறிக்கடைக்குத் துப்பறிய ஆள் அனுப்பவில்லை, கவனித்தீர்களா?

அதற்காக முஸ்லிம்கள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு ஆகும் என்று குர்ஆன் 5:5 சொல்கிறது, அதாவது யூதர்களும் கிறிஸ்தவர்களும். ஆனால் முஸ்லிம்களில் ஹனஃபி, ஷாஃபி என்று மார்க்கச் சட்டப் பிரிவுகள் உண்டு. வேண்டுமென்றே பெயர் சொல்லாமல் அறுத்தால் ஹனஃபிகள் ஏற்பதில்லை, ஷாஃபிகள் பெயர் சொல்வது சுன்னத்து, அதாவது நபிவழி, கட்டாயம் இல்லை என்பார்கள். அது அவர்களுக்குள் இருக்கிற பேச்சு. நீங்கள் நிம்மதியாகத் தொடைக்கறி வாங்குங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்): ஆடித் திருவிழாவில் கிடா வெட்டினோம். மாடி வீட்டுப் பாய் குடும்பத்துக்கும், எதிர்வீட்டு சி.எஸ்.ஐ. டீச்சருக்கும் குழம்பு கொடுத்தனுப்பினேன். இரண்டு வீட்டிலும் வாங்கவில்லை. அவர்கள் பக்ரீத் பிரியாணியையும் கிறிஸ்துமஸ் கேக்கையும் நாங்கள் மறுத்ததே இல்லை. என் மனைவி இன்னும் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதில்: கொதிக்கிற குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மாடிப்படி ஏறிப் போய், அப்படியே திரும்பி வந்தால் யாருக்கும் மனசு கசக்கும். ஆனால் பாய் வீட்டில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. மேலே சொன்ன நான்கில் நான்காவது அது, வேறு பெயர் சொல்லி அறுத்தது. அதில் ஹனஃபி, ஷாஃபி பேதமே கிடையாது.

டீச்சர் விஷயம் இன்னும் சுவாரசியம். நம்பாதவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். ஆனால் அடுத்த வரியிலேயே, இது படைக்கப்பட்டது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் சாப்பிடாதே, சொன்னவருக்காக என்கிறார். உங்கள் கடிதத்தில் மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், "அம்மனுக்கு வெட்டியது டீச்சர், நல்ல இளங்கிடா" என்று உங்கள் மனைவி சொல்லிக் கொடுத்தாராம். அந்த முதல் பாதியைச் சொல்லாமல் இருந்திருந்தால் டீச்சர் ஒருவேளை வாங்கியிருப்பார். சொல்லாமல் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது அதைவிட மோசம். ஒளித்துவைத்துக் கொடுத்துப் பிற்பாடு தெரியவந்தால் அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

அவர்கள் கொடுப்பதை நாங்கள் வாங்குகிறோமே என்கிறீர்கள். வாங்குகிறீர்கள், ஏனென்றால் உங்கள் வீட்டுக் கட்டுப்பாட்டில் அது இல்லை. இதே பாய் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மட்டன் பிரியாணி கொடுத்தனுப்பினால் உங்கள் அம்மா என்ன செய்வார்? "பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வாடா" என்பார். பாய் அதற்காகக் கோபித்துக்கொண்டு படியேறாமல் இருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வராதா?

அடுத்த ஆடிக்கு இப்படிச் செய்து பாருங்கள். படையல் போடுவதற்கு முன்பே, பூஜைப் பக்கம் போகாத அண்டாவிலிருந்து கூழை எடுத்துவைத்துக் கொடுங்கள், படைக்காதது என்று சொல்லியே கொடுங்கள். படையலில் வைத்தது சர்க்கரைப் பொங்கலாக இருந்தாலும் பல வீடுகளில் தொட மாட்டார்கள். இல்லாவிட்டால் சீசன் முடிகிற நேரத்தில் வருகிற நீலம் மாம்பழம் ஒரு டஜன். கறிதான் கொடுக்க வேண்டும் என்று கை பரபரத்தால் பாய் கடையில் தனியாக அரைக் கிலோ வாங்கி, அதே மசாலாவில் செய்யுங்கள். பாத்திரத்துக்குப் பயப்பட வேண்டாம். வேதக்காரர்களின் பாத்திரத்தில் சாப்பிடலாமா என்று நபியிடம் கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். நன்றாக விளக்கியிருந்தால் போதும். அதற்கு முன்னால் உங்கள் மனைவி டீச்சரிடம் பேசிவிடுவது நல்லது, ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கேள்வி (ஏற்காடு வாசகர்): தவக்காலம் முழுக்கக் காப்பி குடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வேலை செய்வதோ காப்பி எஸ்டேட்டில். பத்தாம் நாள் தலைவலி மண்டையைப் பிளக்க, குடித்துவிட்டேன். இது பாவக் கணக்கா?

பதில்: உங்கள் திருச்சபை காப்பியை விடச் சொல்லவே இல்லை. அது கேட்பது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாளும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக, அதுவும் 18 வயதிலிருந்து 59 நிறையும் வரை உள்ளவர்களுக்கு. அப்புறம் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம். காப்பி நீங்களாகப் போட்டுக்கொண்ட விலங்கு. கடவுளிடம் நேர்ச்சையாகவே சொல்லியிருந்தால் பங்குச் சாமியாரிடம் போங்கள், தனிப்பட்ட நேர்ச்சையைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் உண்டு. வெறும் தீர்மானம்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திங்களிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

காப்பிக்கும் மதத்துக்கும் பழைய வழக்கு இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து இறைவனைத் துதிக்க ஏமன் சூஃபிகள் குடித்த பானம் அது. 1511-ல் மக்காவின் கவர்னர் கைர் பேக் இது போதை, கூடாது என்று தடை போட்டார், கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை எடுத்துவிட்டார். பாபா புதன் என்ற சூஃபி ஏழு கொட்டையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது ஐதீகம். நம் சேர்வராயன் மலைக்கு 1820-களில் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். இத்தனை பேர் கை மாறி உங்கள் வாசலுக்கு வந்ததைப் பத்து நாள் தள்ளிவைத்ததே பெரிய விஷயம்.

கேள்வி (பொன்னம்மாப்பேட்டை வாசகி): வாப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். நோன்பு வைத்தே தீருவேன் என்கிறார்.

பதில்: நோயாளியும் பயணியும் வேறு நாளில் வைக்கலாம், முடியவே முடியாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்பது அவர் ஓதுகிற குர்ஆனிலேயே 2:184, 185-ல் உள்ளது. இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், பள்ளிவாசல் ஹஜ்ரத்தை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டரிடம் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே போய் இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் போனாலோ அந்த நிமிஷமே நோன்பை விட்டுவிட வேண்டும். இதில் பிடிவாதத்துக்கு இடமே இல்லை.

கேள்வி (குகை வாசகர்): ஒரு முஸ்லிம் நண்பர் இறால் சாப்பிடுகிறார், இன்னொருவர் தொடுவதில்லை. யார் சரி?

பதில்: இரண்டு பேரும். ஹனஃபிகளுக்குத் தண்ணீரில் மீன் மட்டும்தான், இறால் மீனா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. ஷாஃபிகள் தாராளமாகச் சாப்பிடுவார்கள். நண்டு என்றால் ஹனஃபி கூடாது என்பார், தரையிலும் நடக்கிறதே என்று ஷாஃபிகளிலும் சிலர் யோசிப்பார்கள்.

கேள்வி (அழகாபுரம் வாசகி): கிறிஸ்துமஸ் கேக்கில் ரம்மில் ஊறிய பழம் போடுகிறேன். அடுப்பில் எல்லாம் போய்விடும்தானே, எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாமா?

பதில்: முழுக்கப் போகாது, கொஞ்சம் தங்கும். போனாலும் முஸ்லிம் வீட்டில் வேண்டாம் என்பார்கள், உங்கள் தெருவில் இருக்கிற பெந்தெகொஸ்தே வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள். திராட்சைச் சாற்றில் ஊறவைத்து இன்னொரு கேக் போடுங்கள், இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

கேள்வி (ஐந்து ரோடு வாசகர்): உண்மையைச் சொல்லுங்கள், ஹலால் கறிக்கு ருசி அதிகமா?

பதில்: எங்கள் மெஸ்ஸில் ருசி மாஸ்டர் கையில் இருந்தது. அவர் சுத்த சைவம். உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவார்.